சாப்பிடாத பாட்டிக்குச் சீனி மாத்திரையா?

பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பாட்டிக்குச் சாயத்தண்ணியும் சீனி வியாதி மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறோம். ரொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, பாட்டி தொடவில்லை. ஆபத்து இங்கேதான். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் சாப்பாட்டோடு குடிக்க வேண்டியவை. வயிறு காலியாக இருந்தாலும் அவை இரத்தத்திலுள்ள சீனியை இறக்கிவிடும். இன்சுலினும் அப்படித்தான். சிறுநீரகம் தளர்ந்த முதியவர் உடம்பில் மருந்து கூடுதல் நேரம் தங்கும். மெட்போமின் மட்டும் குடிப்பவருக்கு இப்படி இறங்குவது அபூர்வம்.

சீனி 70க்குக் கீழே போனால் வியர்க்கும், நடுங்கும். வயதானவரிடம் இது தெரியாமலே போகலாம். பேச்சு தடுமாறும், தூங்கி வழிவார், விழுவார். "வயசு போச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடக் கூடாது. நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணி கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். பிறகு சோறோ ரொட்டியோ கொடுக்கவேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், சீனி மறுபடி இறங்கலாம்.

சீனி குறையக் குறைய நல்லது என்பது தளர்ந்த முதியவருக்குப் பொருந்தாது. மூன்று மாதச் சீனியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8 வீதம் வரை இருந்தாலும் பல டாக்டர்மார் போதும் என்பார்கள். அதற்காக மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. கிளினிக் நாளில் கொப்பியை நீட்டுவதோடு நில்லாமல், பாட்டி எவ்வளவு சாப்பிடுகிறார், எத்தனை தரம் விழுந்தார் என்றும் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கலாமா, சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று அன்றே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள்.