ஆறாம் நாளுக்கும் ஒரு திட்டம்

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறந்த அன்றே எவரும் நெல்லை அளந்துகொள்வதில்லை. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுவடை என்று மாதக் கணக்கில் செய்யவேண்டியவற்றை வகுத்துக்கொண்டே மதுரைச் சீமை உழவர் வயலில் இறங்குகின்றனர். வீட்டில் அடியும் வசையும் பட்ட பெண்ணுக்குத் துணைநிற்கும் பணிக்கும் அத்தகைய திட்டம் வேண்டும்.

இத்துன்பத்தை ஏதோ சில வீட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் 18 முதல் 49 வயதினரில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள்.

ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தங்குமிடம் யாவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் அங்கே தங்குவதற்கு வகுத்த காலம் பொதுவாக 5 நாட்களே. ஆறாம் நாள் அவள் எங்கே செல்வாள்? இதற்கு விடை இல்லையெனில், அடித்த கையிடமே திரும்புவாள்.

ஆகையால் திட்டத்தை மூன்று கட்டங்களாக வகுப்பது நன்று.

முதற்கட்டம், அந்த 5 நாட்கள். சிகிச்சை பெறுதல், நடந்ததை எழுத்தில் பதிதல், ஆதார் முதலிய ஆவணங்களைத் திரட்டுதல், அடுத்துத் தங்கும் இடத்தை உறுதிசெய்தல் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் கட்டம், வழக்கு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. வீடு கணவர் பெயரில் இருப்பினும் அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நீதிமன்றம் முயலவேண்டும் என்பது விதி. எனினும் வழக்கு நீளலாம். அதுவரை உணவுக்கும் வழிச்செலவுக்கும் முன்னரே வகைசெய்ய வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறுவோருக்கு ஓராண்டுவரை சிறையோ, 20,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மூன்றாம் கட்டம் ஆண்டுக்கணக்கானது. தன் பெயரில் வங்கிக் கணக்கு, மகளிர் குழுவில் இடம், நிலையான கூலி ஆகியவை அவளுக்கு வேண்டும். அழகர்கோயிலை அடுத்த சிற்றூரில் விவசாயக் கூலியாக இருந்த சின்னப்பிள்ளை அவர்கள், களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை வளர்த்து 2019இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானதை நாம் அறிவோம். குழுச் சேமிப்பின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று கூறி, 6 முதல் 14 வயதுக் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதில் பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமை யாது? "இனி அடிக்கமாட்டான்" என்று சமாதானம் பேசி அனுப்பிவைப்பது தீர்வாகாது. வன்முறை நடப்பதாக அறியும் எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கில்லை. மாதம் ஒருமுறை, அவள் விரும்பும் முறையில், மறைவாக நலம் விசாரியுங்கள். அவள் இருப்பிடத்தை எவருக்கும் வெளியிடாதீர்கள்.

விதைத்தவன் அறுவடைவரை வயலை விட்டு அகலான். நாமும் அவள் தன் காலில் நிற்கும்வரை அகலாதிருப்போமாக.