மொன்றியலில் குட்டி கிட்டார் வாங்குகிறீர்களா?

மெட்ரோ நெரிசலில் முழு அளவு கிட்டார் அடுத்தவர் முதுகில் இடிக்கும். சின்னதைத் தேடுவோருக்கு:

1. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம் பாருங்கள். குட்டி மாடல்களில் பேபி டெய்லர் 22¾ அங்குலம், லிட்டில் மார்ட்டின் 23. பெரியவை பெரும்பாலும் 25க்கு மேல். குட்டியில் கட்டங்கள் நெருங்குவதால் தடித்த விரல்கள் தடுமாறும்.

2. உடல் பலகை எதனால் ஆனதென்று கேளுங்கள். ஜனவரியில் சில நாள் வெளியே மைனஸ் 20, உள்ளே ஹீட்டர். காய்ந்த காற்றில் திட மரம் வெடிக்கும். ஹெச்பிஎல் (உயரழுத்த லேமினேட்) தகடு தாங்கும், நாதம்தான் சற்று மட்டு. மரம்தான் வேண்டுமா? பெட்டிக்குள் ஈரப்பதமூட்டி வையுங்கள்; 45–55 சதவீதம் போதும். குளிரிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் வார்னிஷ் விரிசல் விடலாம்.

3. ஒவ்வொரு கட்டத்திலும் வாசித்துப் பாருங்கள். குட்டிகளில் சுருதி எளிதில் விலகும்.

4. விமானமென்றால் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். கனடாவின் 2019 விமானப் பயணி விதிகள் இசைக்கருவியை ஏற்குமாறு விமான நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. அளவோ எடையோ வரம்பை மீறினால் மறுக்கலாம்.