விசைக்கு ஒரு சொட்டு

துப்பாக்கி என்றதும் பலருக்குக் குண்டும் வெடியோசையும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஓர் எண்ணெய்க் குப்பி. இயற்பியல் மாணவனாகவும் தேசிய மாணவர் படையினனாகவும் இருந்த எனக்கு, வகுப்பறையில் விளங்காத ஒரு பாடத்தை அந்தக் குப்பி விளக்கிற்று. அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் அற்பப் பொருள்தானே என்று எண்ண வேண்டாம். என் ஊரான தண்டலத்திற்கு அருகில், ஒரகடத்தில், 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகின்றன. ‘என்ஃபீல்டு’ என்ற பெயர் இங்கிலாந்தில் அரசு துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். அங்கே உருவான 1853ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளின் தோட்டாத் தாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற செய்தி, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. தோட்டாவுக்கு இட்ட மசகே அவ்வளவு பெரிய விளைவுக்கு வழி செய்ததென்றால், விசைக்கு இடும் மசகைப் பற்றிச் சற்றே சிந்திப்பது தவறாகாது.

நான் செய்த பிழை

விடுமுறைக்கு முன் ஒரு நாள் .22 ரைஃபிள்களைத் துடைத்து வைக்கும் பணி எனக்கு வாய்த்தது. மேசைமேல் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்றில் நீர்போல் மெல்லிய கனிம எண்ணெய். மற்றொன்றில் பொன்னிறமான, கெட்டியான ஆளிவிதை எண்ணெய். பின்னது மரக்கட்டைக்கு மட்டும் உரியது. கெட்டியான எண்ணெய் நெடுநாள் நிற்கும் என்று நானாக முடிவு செய்து, அதனை ஒரு ரைஃபிளின் விசைப்பகுதியில் தாராளமாக விட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சுடும் பயிற்சி. தோட்டா இடுவதற்கு முன் ஹவில்தார் ஒவ்வொரு ரைஃபிளையும் வெறுமையாகச் சோதித்தார். நான் எண்ணெயிட்ட ரைஃபிளின் போல்ட்டை அவர் மூடியதும், விசையைத் தொடாமலேயே ‘டிக்’ என்ற ஓசை கேட்டது. பின்னால் நிற்க வேண்டிய சுடும் ஊசி நிற்காமல் முன்னே ஓடிவிட்டது. உள்ளே தோட்டா இருந்திருந்தால் அது வெடித்திருக்கக்கூடும்.

அந்த ரைஃபிள் உடனே ஒதுக்கப்பட்டது. துப்பாக்கி ஒன்று குறைந்ததால், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி பெற வந்திருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவர் அன்று சுடாமலே திரும்பினார். “எண்ணெய் போட்டது யாரு?” என்று ஹவில்தார் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

விசையின் உள்ளே

ரைஃபிளின் சுடும் ஊசி வலிமையான சுருள்வில்லால் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதனைப் பிடித்து நிறுத்துவது ‘சியர்’ எனப்படும் சிறு எஃகுக் கொக்கி. விசையை அழுத்தினால் சியர் வழுக்கி விலகும். ஊசி பாய்ந்து தோட்டாவை அடிக்கும். விரலை எடுத்ததும் ஒரு சிறு வில் சியரைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். முன்னாளில் நம் படைகளில் வழங்கிய .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளில் விசையின் முதல் அழுத்தத்திற்கு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாம் அழுத்தத்திற்கு 5 முதல் 6 பவுண்டு என்று அளவே வகுத்திருந்தனர்.

இங்கே உராய்வு ஒரு விந்தையான வேடம் பூணுகிறது. ஓடும் எஞ்சினின் பேரிங்கில், சுழற்சியின் வேகமே எண்ணெயை இழுத்து இரு உலோகங்களுக்கிடையே படலமாக்கி விடும். விசையிலோ வேகம் இல்லை; அழுத்தம் மட்டும் உண்டு. எடுத்துக்காட்டாக, 7 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை 5 சதுர மில்லிமீட்டர்ப் பரப்பில் தாங்குவதாகக் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோகிராம் அழுத்தம் ஆகிறது. இந்த அழுத்தத்தில் மெல்லிய எண்ணெயின் பெரும்பகுதி பிதுங்கி வெளியேறும். உலோகத்தோடு ஒட்டிய மிக நுண்ணிய படலமே எஞ்சும். இதனையே ‘எல்லை உயவு’ என்பர்.

தண்டலத்தில் ஒரு சோதனை

நடந்ததை மறைக்க இயலாமல், எங்கள் ஊரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்க தாத்தா மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைச்சு மை போடுவாரு. அதையே தையல் மிஷினுக்குப் போடுவாராடா?” என்று கேட்டார்.

பின்பு நான்கு எஃகுப் பட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தார். ஆளிவிதை எண்ணெய், தேங்காயெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றில் பூசிப் பட்டறையின் கூரையடியில் பத்து நாள் வைத்தோம். லாரிகள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலை அருகில் இருப்பதால் புழுதிக்குக் குறைவில்லை. கண்டவை வருமாறு:

1. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து வார்னிஷ்போல் இறுகிவிட்டது. இது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படும் இனம். மரத்துக்கு அதுவே காப்பு. விசைக்கு அதுவே விலங்கு.

2. தேங்காயெண்ணெய் இறுகவில்லை. ஆயினும் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையும் என்பதை மார்கழிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்தவர் யாவரும் அறிவர். சுடும் பயிற்சியோ அதிகாலையில்தான் நடக்கிறது.

3. தையல் இயந்திர எண்ணெய் பிசினாகவில்லை. ஆனால் சாய்ந்த பக்கமாக வழிந்து மேற்பகுதி ஏறக்குறைய உலர்ந்திருந்தது.

4. கிரீஸ் இட்ட இடத்திலேயே நின்றது. சோப்பு வகைப் பொருள் ஒன்று பஞ்சுபோல் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதே கிரீஸ். எனினும் தடிப்பாகப் பூசிய இடமெல்லாம் புழுதி ஒட்டி, சாணைப் பசைபோல் நறநறத்தது.

“இதுல மாலிப் கலந்த கிரீஸ் ஒண்ணு இருக்கு, பாரு” என்று மாமா ஒரு கறுப்புக் குழம்பைக் காட்டினார். அதிலுள்ள மாலிப்டினம் டைசல்பைடு, சீட்டுக்கட்டைப்போல் அடுக்கடுக்கான படிக அமைப்புடையது. அடுக்குகளுக்கிடையே பிணைப்பு வலுவற்றது. ஆகவே அவை எளிதில் வழுக்கும். எண்ணெய் பிதுங்கிப் போன பின்னும் இப்பொடி உலோகத்தின்மேல் தங்கி நிற்கும். எல்லை உயவுக்கு ஏற்றது இதுவே.

தேர்வு செய்யும் முறை

ஆகவே ‘எந்த எண்ணெய் சிறந்தது?’ என்று பொதுவாகக் கேட்பது பொருந்தாது. ‘எந்த இடத்திற்கு?’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சியரும் ஊசியின் கொக்கியும் உரசும் முகத்தில், குண்டூசித் தலையளவு மாலிப்டினம் கலந்த கிரீஸ் போதும். விசை சுழலும் அச்சாணிக்கு மெல்லிய கனிம எண்ணெய் ஒரு சொட்டு. மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வில்லுக்கும் ஏனைய பாகங்களுக்கும், வடகிழக்குப் பருவமழையில் துருவேறாதிருக்க எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஆளிவிதை எண்ணெய் மரக்கட்டையோடு நிற்கட்டும். பழைய எண்ணெயின்மேல் புது எண்ணெய் விடலாகாது; முதலில் துடைத்தல் வேண்டும்.

எண்ணெயிட்ட பின், அறை வெறுமை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, சியர் பிடிக்கிறதா, விசை திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும். விசை கனமாயிருக்கிறதென்று மசகை மிகுத்தோ, சியரை அரம் கொண்டு தேய்த்தோ இலேசாக்க முயல்வது பெருங்கேடு. இவையெல்லாம் அறிவதற்கே, படைக்கலக் கிடங்கில் அதற்கெனப் பயின்றவர் தரும் எண்ணெயையே மாணவர் இட வேண்டும். இதனை மீறியதே என் பிழை.

பத்து நாள் கழித்து, இறுகிய பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹவில்தாரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு வேற ரைஃபிள் கேட்டு வாங்கியிருப்பேன், தம்பி. துப்பாக்கியில தப்பு வரும், மறைக்கிறதுதான் ஆளைக் கொல்லும்” என்றார். பிறகு அந்த மாணவியிடமும் சென்று மன்னிப்புக் கேட்டேன். தேர்வு நாள் அதற்குள் கடந்துபோயிருந்தது.

இப்போது கிடங்கு மேசையில் இரு குப்பிகளிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘மரத்துக்கு’, ‘இரும்புக்கு’. அந்த எழுத்து என்னுடையது.