கூட்டம் வராத ஆட்டமா?

நம்பிக்கை: பெண்கள் கூடைப்பந்துக்குக் கூட்டம் வராது.

உண்மை: அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏ-வின் முதல் ஆட்டம் 1997 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்தது. வந்தவர்கள் 14,284 பேர். பிறகு ஏன் காலி இருக்கைகளே எல்லார் நினைவிலும் நிற்கின்றன? நியூயார்க் லிபர்ட்டி அணியின் கதையைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். நகரின் நடுவே, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடிவந்த அணி அது. 2017-இல் உரிமையாளர் அதை விற்கப்போவதாக அறிவித்தார். மறு ஆண்டே பெரும்பாலான ஆட்டங்கள் ஒயிட் பிளெயின்ஸ் புறநகருக்குப் போயின. சுமார் 5,000 பேர் கொள்ளும் பழைய மண்டபம். மன்ஹாட்டன் ரசிகர் வேலை முடித்து, ரயில் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். கூட்டம் கரைந்தது. உடனே ‘பார்த்தீர்களா, ஆளே இல்லை’ என்றார்கள். கடையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்பதுபோல!

2019-இல் ஜோ சாய் அணியை வாங்கினார். 2021 முதல் புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டரில் ஆடுகிறார்கள். 2024 அக்டோபரில் மினசோட்டா லிங்க்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் வென்று லிபர்ட்டி கோப்பையைத் தூக்கியபோது அரங்கில் 18,000 பேருக்கு மேல். நல்ல வீராங்கனைகளைச் சேர்த்ததும் ஒரு காரணம்தான்; ஆனால் அதற்கும் செலவழிக்க மனம் வேண்டுமே.

நம்பிக்கை: எல்லாம் நட்சத்திர வீராங்கனை கேட்லின் கிளார்க் அலை.

உண்மை: அலை நிஜம்தான். 2024 செப்டம்பரில் அவருடைய இண்டியானா ஃபீவர் அணி வாஷிங்டனுக்கு வந்தபோது 20,711 பேர் திரண்டார்கள். ஆனால் 2025-இல் களமிறங்கிய புது அணியான கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸில் கிளார்க் இல்லை. அவரளவு பெயர் பெற்ற வேறு யாரும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டரில் 18,064 இருக்கைகள். லீக் சுற்றில் அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துபோனது.

நம்பிக்கை: பெண்களுக்கு டங்க் (எகிறி, பந்தை வளையத்துக்குள் அறைவது) அடிக்க வராது.

உண்மை: டபிள்யூஎன்பிஏ வீராங்கனை லிசா லெஸ்லி 2002-லேயே அடித்துவிட்டார். டங்க் பார்க்க மட்டுமே வருகிறவரோடு வாதாட எனக்குப் பொறுமையில்லை.

நம்பிக்கை: ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்கிறார்கள்.

உண்மை: கேட்டது வருமானத்தில் பங்கு. ஆண்கள் லீகான என்பிஏ-வில் வீரர்களுக்கு லீக் வருவாயில் ஏறக்குறையப் பாதி போகிறது; லீகுடன் போட்ட 2020 ஒப்பந்தப்படி பெண்களுக்குக் கிடைத்த விகிதம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. 11 ஆண்டுகளுக்கு 220 கோடி டாலர் என்று ஒளிபரப்பு உரிமை விலைபோன பின்னும் புது ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை இழுத்தது. 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன், ‘எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்’ என்ற வாசகம் அச்சிட்ட கறுப்புச் சட்டையோடு வீராங்கனைகள் வந்தார்கள். ஆட்டம் முடிந்து லீகின் ஆணையர் பரிசு கொடுக்க நின்றபோது, இண்டியானாபொலிஸ் அரங்கே ‘கொடுங்கள், கொடுங்கள்’ என்று கத்தியது.