மெய்ந்நிகர்ப் பட்டறை

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பொறியியற் கல்விக்கு இது முற்றும் பொருந்தும். எந்திரத்தின் இயல்பை நூலில் படித்தவன், அதனைக் கையால் தொட்டு இயக்கிய பின்னரே பொறியாளன் ஆவான். ஆயின், இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கற்பவன் பிழை செய்வது இயல்பு. கணக்கில் செய்த பிழையை அழித்து எழுதலாம். கொதிகலன் முன்னும் மின்கம்பியின் அருகிலும் செய்த பிழையை அழித்தல் இயலுமோ? அஃது உயிரையே வாங்கிவிடும். அங்ஙனமாயின், பிழை செய்து கற்பதற்கு ஏற்ற இடம் யாது?

இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டினரான எட்வின் லிங்க். அவருடைய தந்தையார் பியானோ, ஆர்கன் முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கையாண்டு பழகிய லிங்க், அவற்றைக் கொண்டே 1929-ஆம் ஆண்டில் வானூர்திப் பயிற்சிப் பொறி ஒன்றை அமைத்தார். அது தரையை விட்டு எழாது. ஆயினும், உள்ளே அமர்ந்தவன் கைப்பிடியை அசைத்தால், துருத்திகள் விரிந்தும் சுருங்கியும் அதனைச் சாய்க்கும், திருப்பும். தொடக்கத்தில் பலர் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே கருதினர்.

1934-இல் அமெரிக்கப் படைத்துறை வான்வழி அஞ்சலை ஏற்று நடத்தியது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பி ஊர்தி செலுத்தும் பயிற்சி விமானிகள் பலருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பலர் மாண்டனர். அதன் பின்னரே படைத்துறை லிங்க்கின் பொறிகளுள் ஆறனை வாங்கியது. கேளிக்கைப் பொருள் என்று ஒதுக்கப்பட்டதே, இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான வீரர்களுக்கு ஆசான் ஆயிற்று.

லிங்க்கின் பொறி உடலை அசைத்தது. கண்ணுக்குப் புதியதோர் உலகைக் காட்டவில்லை. அக்குறையை நீக்க வழி காட்டியவர் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர். 1968-இல் அவர் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைக் கணிப்பொறியோடு இணைத்தார். கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கை ஒன்று தலையின் அசைவை அளந்தது. அதில் தோன்றியவை வெறுங்கோடுகளால் ஆன உருவங்களே. எனினும், தலையைத் திருப்பினால் அவ்வுருவங்களும் அதற்கேற்ப மாறின. ‘மெய்ந்நிகர்க் காட்சி’ என்று நாம் இன்று வழங்குவது இவ்வாறு வளர்ந்ததே. இக்கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவ்விரண்டையும் இணைத்து, நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடைய ஓர் இடமாக உணர்கிறது.

இனி, தொழிற்பயிற்சியில் இது பயன்படும் வகையைக் காண்போம். மின்சுடரால் இரும்புத் தகடுகளை உருக்கி இணைக்கும் தொழில் வெல்டிங் ஆகும். மாணவன் காட்சிக் கருவி பொருத்திய முகக்கவசத்தை அணிந்து, போலிக் கைப்பிடியைப் பற்றுகிறான். அவன் கண் முன் சுடர் ஒளிர்கிறது. காதில் அதன் ஓசை கேட்கிறது. ஆனால், அங்கே நெருப்பு இல்லை. கை விரைந்து சென்றால் இணைப்பு மெலிகிறது. தயங்கி நின்றால் உலோகம் ஓரிடத்தில் குவிகிறது. கைப்பிடியின் சாய்வு, தொலைவு, விரைவு ஆகிய மூன்றையும் கணிப்பொறி அளந்து, எந்த இடத்தில் கை தவறியது என்பதை உடனே காட்டுகிறது. தகடு வீணாவதில்லை, கை சுடுவதில்லை, நூறு முறை தவறினும் நூற்றோராம் முறை முயலலாம்.

இவ்வளவும் நன்மையே. எனினும், இதனையே முடிந்த பயிற்சியாகக் கொள்ளுதல் தவறு. உருகும் இரும்பின் வெம்மையையும், உலோகத்தின் பளுவையும், புகையின் நெடியையும் இக்கருவி தருவதில்லை. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. தவறினால் தீங்கில்லை என்று பழகிய மனம், மெய்யான பட்டறையிலும் அவ்வாறே எண்ணி அச்சமின்றி நடந்துவிடலாம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதலும் தொழிலறிவின் ஒரு பகுதியே ஆகும்.

ஆதலின், மெய்ந்நிகர்ப் பட்டறை பாலம் போன்றது. ஒரு கரையில் ஏட்டறிவு. மறு கரையில் மெய்யான பட்டறை. பாலத்தின் மேல் நடந்தே அக்கரை சேர வேண்டும். பாலத்தின் மேலேயே வீடு கட்டி வாழ்தல் ஆகாது. மாணவர்களே! பிழை செய்ய நாணாதீர்கள். ஆனால், அதற்குரிய இடத்திலேயே செய்து திருந்துங்கள். அங்கே நீங்கள் கண்டு களைந்த பிழை ஒவ்வொன்றும், நாளை நீங்கள் அமைக்கும் பாலத்தின் மீது நடப்போரின் உயிரைக் காக்கும்.