மடிக்கணினியின் விசிறி ஏன் அலறுகிறது?

வட்ட இயக்கம், அதிர்வு, வெப்பம் என்று தனித்தனிப் பாடங்களாக நீங்கள் படித்து வரும் மூன்றும் உள்ளங்கை அளவுள்ள ஒரே பொருளில் கூடி வேலை செய்வதைக் காண வேண்டுமானால், ஒரு மடிக்கணினியின் அடிப்பாகத்தில் காதை வைத்துப் பாருங்கள். மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். அது உள்ளே சுழலும் குளிர்விப்பு விசிறியின் ஒலி.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் சில அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அக்காளிடமிருந்து தங்கைக்கும் கைமாறி இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. இத்தகைய பழைய கணினிகளில் ஒரு நாள் விசிறி கரகரக்கத் தொடங்கும். ‘இனி இது உதவாது, பழைய விலைக்குப் போட்டுவிடு’ என்பார் வீட்டில் ஒருவர். பெரும்பாலும் அவ்வளவு அவசரம் தேவையில்லை. ஒரு தூரிகையும் ஒரு சிறு திருப்புளியும் போதுமான நோய்தான் அது. ஆனால் சில வேளைகளில் அந்த ஒலி உண்மையாகவே ஓர் அபாய அறிவிப்பாக இருக்கும். எது எது என்று பிரித்தறிவதே நம் பாடம்.

முதலில், விசிறி எதற்காக இருக்கிறது? கணினியின் மையச் செயலகம் உட்கொள்ளும் மின்னாற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அது 30 வாட் என்று வைத்துக் கொள்வோம். விரல் நகத்தளவுள்ள சில்லில் விநாடிக்கு 30 ஜூல் வெப்பம் பிறக்கிறது. அதன் மேல் படிந்திருக்கும் தட்டையான செம்புக் குழாய் ஒன்று இவ்வெப்பத்தை ஓரத்துக்குக் கொண்டு செல்கிறது. குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். குளிர்ந்த முனையில் சீப்பின் பற்களைப் போல் நெருக்கமாக மெல்லிய உலோகத் தகடுகள் நிற்கின்றன. விசிறி அத்தகடுகளின் இடைவெளிகள் வழியாகக் காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றுகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஏறத்தாழ 1000 ஜூல். அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. உள்ளே நுழையும் காற்று 20 டிகிரி மட்டுமே சூடேற வேண்டுமானால், 30 வாட்டை எடுத்துச் செல்ல விநாடிக்கு 1.5 கிராம் காற்று, அதாவது ஒன்றேகால் லிட்டர் தேவை. இப்போது தகடுகளுக்கிடையே தூசி படிந்து ஓட்டம் பாதியாகக் குறைந்தது எனக் கொள்ளுங்கள். அதே வெப்பத்தை எடுத்துச் செல்லும் காற்று 40 டிகிரி சூடேறும். அறையின் வெப்பநிலை 32 டிகிரி என்றால் வெளிவரும் காற்று 72 டிகிரி. சில்லோ அதைவிடச் சூடு. வெப்ப உணர்வி இதை அறிந்து, ‘இன்னும் வேகமாகச் சுற்று’ என்று விசிறிக்கு ஆணையிடுகிறது.

ஆகவே பல வேளைகளில் விசிறிக்கு நோயே இல்லை. நோய் தகடுகளில் இருக்கிறது. காய்ச்சல் கண்டவனுக்கு நாடி வேகமாகத் துடிப்பதைக் கண்டு இதயத்துக்கு மருந்து கொடுப்போமா?

வேகம் கூடினால் ஒலி எவ்வளவு கூடும் என்பது வியப்பான செய்தி. விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்தின் நேர்விகிதத்தில் கூடும். அதற்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாகக் கூடும். வெளிப்படும் ஒலித்திறனோ ஏறத்தாழ ஐந்தாம் படியாகக் கூடும். நிமிடத்துக்கு 3000 சுற்றிலிருந்து 4500 சுற்றுக்குப் போனால் காற்று ஒன்றரை மடங்கு. ஒலித்திறன் ஏழரை மடங்கு, அதாவது சுமார் 9 டெசிபல் கூடுதல். சிறிது தூசிக்கு இவ்வளவு ஆரவாரம் ஏன் என்பதற்கு இதுவே விடை.

இனி ஒலிகளைப் பிரித்துக் கேட்போம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கணினியின் பல இடங்களுக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். மருத்துவரின் நாடிக்குழாய் செய்யும் வேலையைச் சிக்கனமாக இது செய்து விடும்.

‘உஸ்’ என்று சீராக எழும் ஒலி காற்றின் ஒலி. கணினிக்கு வேலை கூடும்போது கூடி, வேலை குறையும்போது குறையுமானால் விசிறி நலமாக இருக்கிறது. தகடுகளைச் சுத்தம் செய்தால் போதும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் இரைந்தால், பின்னணியில் ஏதேனும் நிரல் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

‘டிக், டிக்’ அல்லது ‘கடகட’ என்று ஒரே தாளத்தில் வருவது, இறக்கையில் ஏதோ உரசுகிறது என்பதன் அடையாளம். இடம் மாறிய கம்பி, உரிந்த ஒட்டுத்தாளின் ஓரம், உலர்ந்த பூச்சி போன்றவை காரணமாகும். எங்கள் கல்லூரி மாணவர் ஒருவரிடம், ‘மையப் பலகையையே மாற்ற வேண்டும்’ என்று ஒரு கடையில் சொல்லியனுப்பினார்களாம். திறந்து பார்த்தால், விசிறியின் மூடி மேல் ஒட்டியிருந்த தாள் உரிந்து இறக்கையில் பட்டுக் கொண்டிருந்தது.

‘உம்’ என்று மேசையே முனகுவது போன்ற தாழ்ந்த ஒலி எழுந்தால் அது எடைச் சமனின்மை. ஓர் இறக்கையில் மட்டும் 50 மில்லிகிராம் தூசிக் கட்டி ஒட்டியிருக்கிறது, அச்சிலிருந்து அதன் தூரம் 2.5 சென்டிமீட்டர், விசிறி நிமிடத்துக்கு 5000 முறை சுற்றுகிறது என்போம். கோணத் திசைவேகம் விநாடிக்கு சுமார் 524 ரேடியன். நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் இருமடி ஆகியவற்றைப் பெருக்கினால் 0.34 நியூட்டன் கிடைக்கும். அது 35 கிராம் எடைக்குச் சமம்! தன் எடையைப் போல் 700 மடங்கு விசையுடன் அத்தூசி அச்சை இழுக்கிறது. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. அதிர்வு மேசைக்குப் பரவி, மேசைப் பலகையின் இயற்கை அதிர்வெண்ணும் அதற்கு நெருங்கியிருந்தால் ஒத்ததிர்வு ஏற்படும். சோதிப்பது எளிது. கணினியைக் கையால் சற்றே தூக்குங்கள். முனகல் குறைந்தால் அதைப் பெரிதாக்கியது மேசையே. அப்போதைக்கு நான்கு அழிப்பான்களை நான்கு மூலையிலும் வையுங்கள்; அதிர்வும் தடைபடும், அடியில் காற்றுக்கு வழியும் கிடைக்கும். மெத்தை மேலோ தலையணை மேலோ வைப்பது மட்டும் கூடாது. காற்று நுழையும் வாயே அடைபட்டுவிடும்.

கரகரவென்று அரைக்கும் ஒலி பேரிங்கின் ஒலி. பல விசிறிகளில் எஃகு அச்சு, எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கலப் புதைக்குள் சுழல்கிறது. ஆண்டுக்கணக்கான சூட்டில் எண்ணெய் வற்றிவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். துளை தேய்ந்து அச்சு ஆட்டம் காணும். கணினியைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் பிடித்துப் பாருங்கள். நிலைக்கேற்ப ஒலி மாறுமானால் ஐயமே இல்லை, பேரிங் தேய்ந்துவிட்டது. (வன்தட்டு உள்ள கணினியை ஓடும்போது மெல்லவே அசைக்க வேண்டும்.)

வன்தட்டு என்றதும் நான் மிக வற்புறுத்த விரும்பும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய மடிக்கணினிகளில் விசிறியைத் தவிரச் சுழலும் மற்றொரு பொருள் அதுதான். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. இவ்வொலி விசிறியின் பக்கத்திலிருந்து வராமல், கையை ஊன்றும் இடத்தின் கீழிருந்து ‘டக்... டக்’ என்று விட்டு விட்டு வந்தால், வேறு எதையும் செய்யாதீர்கள். முதலில் உங்கள் செயல்முறைக் குறிப்புகள், குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து விடுங்கள். விசிறி நின்றால் மற்றொன்று வாங்கலாம். வன்தட்டு நின்றால் அதிலிருந்ததை எந்தக் கடையில் வாங்குவது?

காதுக்கு ஐயம் இருந்தால் அளந்து பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் இயற்பியல் சோதனைகளுக்காக உருவாக்கிய ‘பைபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, கைப்பேசியின் ஒலிவாங்கியைக் கொண்டு ஒலியின் அதிர்வெண் நிறமாலையை வரைந்து காட்டும். ஒவ்வோர் இறக்கையும் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது காற்றில் ஒரு துடிப்பு எழுகிறது. ஆதலால் விசிறியின் முக்கிய அதிர்வெண், விநாடிக்கான சுற்றுகளையும் இறக்கைகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும். 29 இறக்கைகள், விநாடிக்கு 50 சுற்று என்றால் 1450 ஹெர்ட்ஸ். விசிறியின் வேகம் மாறும்போது வரைபடத்தின் உச்சமும் நகர வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் ‘கீ’ என்று நிற்கும் உச்சம் விசிறியுடையது அன்று. மின்சுற்றின் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் எழுவது. காதுக்குத் தொல்லையே தவிரக் கணினிக்கு அதனால் பெரும்பாலும் கேடில்லை.

இனிப் பழுது பார்ப்பதற்கு வருவோம். வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, மின்கலத்தையும் நீக்கிவிட்டே அடிமூடியைத் திறக்க வேண்டும். மின்கலம் உப்பியிருப்பதாகக் கண்டால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. வேலையை நிறுத்தித் தேர்ந்தவரிடம் கொடுத்து விடுங்கள். தீப்பற்றும் இயல்புடையது அது. திருகுகள் ஒரே நீளமாக இரா. ஒரு தாளில் கணினியின் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் பிறகு குழப்பம் வராது.

தூசியை மென்மையான தூரிகையால் தளர்த்திக் காற்றால் ஊதலாம். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி தன் எல்லையை மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். மேலும், உள்ளே நிலைக்காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன அல்லவா? 1831-இல் ஃபாரடே கண்டறிந்த விதிப்படி விசிறியே மின்னாக்கியாக மாறக்கூடும். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளம் போல் படியும். நூற்பாலைகள் நிறைந்த எங்கள் பகுதிக் கணினிகளில் அதை ஒரு பஞ்சுத் துணியாகவே உரித்தெடுக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே போகுமே தவிர வெளியேறாது.

வெப்பக் குழாயைச் சில்லிலிருந்து தூக்க நேர்ந்தால் இடையிலுள்ள வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும். செம்பின் வெப்பங் கடத்தும் எண் 400, காற்றினுடையது 0.026 தான். பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கிவிடாமல் நிரப்புவதே பசையின் வேலை. மெல்லிய படலமே போதும். பற்பசை இட்டால் போதும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீர் உலர்ந்ததும் அது சுண்ணாம்புப் பொருக்காகிவிடும்.

உலர்ந்த பேரிங்குக்கு, இறக்கைச் சக்கரம் கழலக்கூடிய அமைப்பாக இருந்தால், தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விடலாம். தேங்காய் எண்ணெய் கூடாது. மார்கழிக் காலையில் அது புட்டியில் உறைந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எண்ணெய் சில மாதங்களுக்குத்தான் தாங்கும்; தேய்ந்து அகன்ற துளையை எந்த எண்ணெயும் சிறிதாக்காது. அதற்குப் புது விசிறியே வழி. வாங்கும்போது கணினியின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய விசிறியின் மேல் அச்சிட்ட எண், மின்னழுத்தம், கம்பிகளின் எண்ணிக்கை, காற்று வெளிவரும் பக்கம் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு போங்கள். விசிறி அடியோடு நின்றுவிட்ட கணினியைத் தொடர்ந்து இயக்க வேண்டாம். பல மையச் செயலகங்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி திடீரென அணைந்து, நீங்கள் சேமிக்காத வேலை போய்விடும்.

பயிற்சிக் கணக்கு: ஒரு விசிறிக்கு 37 இறக்கைகள். சுத்தம் செய்யுமுன் ஒலியின் உச்சம் 2960 ஹெர்ட்ஸில் இருந்தது. செய்தபின், அதே வேலையைச் செய்யும்போது, 1850 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நிமிடத்துக்கான சுற்றுகள் எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தன? ஒலி சுமார் எத்தனை டெசிபல் தணிந்தது?

விடை: 4800-லிருந்து 3000, சுமார் 10 டெசிபல்.