தி.நகருக்கு அரை மணி, லண்டனுக்கு?

அன்புள்ள பேத்திக்கு,

லண்டன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு நேற்று போனில் கேட்டாயே, "காலை 6 மணிக்குக் கிளம்பி பகல் 12-க்கு இறங்குது. ஆறே மணி நேரம்தானா தாத்தா?" என்று. இல்லை. போனில் சொன்னால் பாதியில் ஓடிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் யார் சொல்கிறார்கள்? லஸ்ஸிலிருந்து தி.நகர் பாண்டி பஜார் "அரை மணி". தீபாவளிக்கு முந்தின வாரம் அதுவே ஒரு மணி. ரோடு நீளவில்லை, நேரம்தான் நீண்டது. விமானத்துக்கும் இதே நியாயம்தான்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் ஏமாந்துபோவாய்; உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. உன் மேஜை மேலிருக்கும் குளோபை எடு. பூ கட்டும் நூலின் ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியை லண்டனிலும் வைத்துத் தொய்வில்லாமல் இழு. படத்தில் அரபிக்கடல், ஈராக் என்று போன கோடு, இங்கே சிந்து, காஸ்பியன் கடல் என்று வடக்கே ஏறிப் போகும். அதுதான் குறுக்கு வழி. 250 கிலோமீட்டர் மிச்சம். அதே நூலைப் பூமத்திய ரேகை மேல் வைத்துப் பார். முழுச் சுற்று சுமார் 40,000 கி.மீ.; நூல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். சுமார் 8,200 கி.மீ.

பூமியை இப்படி அளக்கும் வேலை நம் பக்கத்திலும் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்தை அளக்கவே 57 நாள் ஆயிற்று. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் அடிப்படைக் கோடு.

இனி நேரம். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் ஒன்பது மணி நேரம் போதும். ஆனால் பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று வீசுகிறது. போகும்போது அது முகத்தில் அறையும், வரும்போது முதுகைத் தள்ளும். அதோடு, எல்லா நாட்டு வானமும் திறந்திருக்காது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. நம் நூல் அதன் மேலாகத்தான் போகிறது. அங்கே விமானம் சுற்றித்தான் போகவேண்டும்.

கடைசியாக, கடிகாரம். நீ போகும் மே மாதத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. உன் டிக்கெட்டின் ஆறு மணி நேரத்தோடு நாலரையைக் கூட்டு: பத்தரை மணி நேரம்.

என் பழைய கைக்கடிகாரத்தைத் தருகிறேன். போகவர அதைச் சென்னை நேரத்திலேயே வைத்திரு. கிளம்பியது, இறங்கியது இரண்டையும் அதைப் பார்த்தே குறித்துக்கொள். போன கணக்கிலிருந்து வந்த கணக்கைக் கழித்துப் பார்த்தால் காற்று எவ்வளவு உதவியது என்று எனக்கு நீதான் சொல்வாய்.

உன்,
மயிலாப்பூர் தாத்தா